கை நனைக்காத தாய்மாமன்

பிள்ளைகளே, விருந்து வீட்டுக்குச் சொந்தச் சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு போகிற மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் எங்கள் அரியலூர்த் தெருவில் மோட்டார் ரிப்பேர் செய்கிறவர். பெயரைச் சொன்னால் யாருக்கும் தெரியாது. ‘கேரியர் மாமா’ என்று கேட்டால் பஸ் ஸ்டாண்டு நாய்கூட வழி காட்டும்.

ஒரு காலத்தில் மாமா விளக்குமாற்றுக் குச்சிபோல் இருந்தார். ஓயாத வயிற்றுவலி. “புரோட்டா தின்னா உடம்பு தேறும்” என்றது ஊர். தின்றார், இன்னும் இளைத்தார். கடைசியில் பெரம்பலூர் டாக்டர் ஒருவர் ரத்தம் எடுத்துப் பார்த்து, குழாய் விட்டுக் குடலையும் பார்த்து, ‘சீலியாக்’ என்றார்.

எனக்குப் புரிந்தவரை சொல்கிறேன். கோதுமையில் குளூட்டன் என்று ஒன்று இருக்கிறது. மைதா, ரவை எல்லாம் கோதுமைதானே? அது உள்ளே போனால், சிலருடைய உடம்பு தன் குடலையே எதிரி என்று நினைத்து அடிக்கும். அப்புறம் தின்ற சோறு உடம்பில் ஒட்டாது. தொத்து நோய் இல்லை. மாத்திரையும் இல்லை. ஆயுசுக்கும் கோதுமையைத் தொடாமல் இருப்பதுதான் வைத்தியம்.

“இவ்ளோதானா! நாம என்ன சப்பாத்தி திங்கிற ஊரா?” என்று மாமா சிரித்தார். ஆனால் சோறு மட்டும் தின்றும் வலி போகவில்லை. ஒருநாள் சமையல்கட்டில் பெருங்காய டப்பாவைத் திருப்பிப் பார்த்தால், மைதா கலந்தது! சாம்பார், ரசம், மோர், ஊறுகாய் எல்லாம் ஒரே நாளில் பகையாளி ஆகிவிட்டன.

அன்றிலிருந்து டீக்கடையில் தினமும் விசாரணைதான்.

“ஏம்ப்பா, இந்த எண்ணெயில வடைக்கு முன்னாடி என்ன சுட்ட?”

“பூரி மாமா.”

“அப்ப வடை வேணாம். டீ மட்டும் குடு.”

“டீயில கோதுமை இருக்கான்னு கேக்கலியா?”

“இருக்கா?” என்று கேட்டார் மாமா, நிஜமான கவலையோடு.

கோயிலில் ரவைக் கேசரி கொடுத்தால் கண்ணில் ஒற்றிக்கொண்டு, பக்கத்தில் நிற்கும் பிள்ளைக்குக் கொடுத்துவிடுவார். அதனால் சாமி கும்பிடப் போகும்போது அவருக்குப் பின்னால் ஒரு ஊர்வலமே போகும்.

இப்படி இருக்கையில் அவர் தங்கை மகளுக்கு ஜெயங்கொண்டத்தில் வரன் அமைந்தது. பெண்ணுக்கும் பையனுக்கும் ஒருவரையொருவர் ரொம்பப் பிடித்துவிட்டது. மாப்பிள்ளை வீடு பார்க்க வேனில் போனோம். அங்கே சாப்பிட்டுக் கை நனைத்தால் பெண் வீட்டாருக்குச் சம்மதம். நனைக்காமல் எழுந்தால் சம்பந்தம் வேண்டாம் என்று அர்த்தம். அதிலும் தாய்மாமன் கை முக்கியம்.

இலை போட்டார்கள். மாமா கேரியரைத் திறந்தார்.

“பார்சல் கடைசியிலதாங்க குடுப்போம்” என்றார் பரிமாறியவர்.

மாப்பிள்ளையின் அம்மா வந்து எட்டிப் பார்த்தார். முகம் கறுத்துவிட்டது. “எங்க வூட்டுச் சோத்துல கை வைக்க மாட்டீங்களா? புடிக்கலன்னா சொல்லிட்டுப் போங்க. எதுக்கு இந்த அவமானம்?”

பந்தி அப்படியே நின்றது. மாமாவின் தங்கை அவர் காதருகே குனிந்து, “அண்ணே, ஒரே ஒரு வாய். புள்ள வாழ்க்கைண்ணே” என்று அழுதார்.

மாமா கேரியரை மூடினார். இலையில் விழுந்திருந்த சாம்பார் சோற்றில் ஒரு வாய் எடுத்தார். வாய்வரைக்கும் கொண்டுபோய், விஷத்தைப் பார்ப்பதுபோல் அதையே பார்த்தார். ஒரு கரண்டி ரசம் முன்பு அவரை என்ன பாடு படுத்தியது என்று எங்களுக்குத் தெரியும்.

அந்த அம்மா சட்டென்று அவர் கையைப் பிடித்தார். “ஏன் இப்படிப் பாக்குறீங்க? உடம்புக்கு என்ன?”

“மனசு எப்பவோ சம்மதிச்சிருச்சுங்க. கொடலுதாங்க சம்மதிக்கல” என்று மாமா கதை முழுவதையும் சொன்னார்.

அந்த அம்மா எதிரே ஒரு இலையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். கேரியரை இழுத்துத் தன் இலையில் கவிழ்த்தார். “கைய யாரு நனைச்சா என்ன? உங்க வூட்டுச் சோத்துல நான் நனைக்கிறேன். போதுமா?” ஒரு வாய் வைத்தார். “அட, கத்தரிக்காக் கொழம்பு! பெருங்காயமே இல்லாம இவ்ளோ ருசியா?”

பேசிக்கொண்டே மூன்று அடுக்கையும் முடித்துவிட்டார். மாமா அரியலூர் வரைக்கும் வாழைப்பழத்தை மட்டும் தின்றுகொண்டு வந்தார். “சம்பந்தியம்மா ஒரு பருக்க மிச்சம் வைக்கலடா” என்று வேன் முழுக்க ஒரே பெருமை.

கல்யாணம் நல்லபடியாக நடந்தது. அந்த அம்மா அவருக்கென்று ஒரு புதுச் சட்டியும் கரண்டியும் வாங்கி, கோதுமை மாவு பட்ட கை படாமல் தனியாக வைத்திருக்கிறாராம். இப்போதும் மாமா எங்கே போனாலும் கையில் கேரியர் உண்டு. ஜெயங்கொண்டம் பஸ்ஸில் மட்டும் வெறுங்கையை வீசிக்கொண்டு ஏறுவார். அதைப் பார்க்கிற அன்றைக்கு எனக்கும் வயிறு நிறைந்துவிடும்.