முதலாளி யோக்கியர் என்று நான் நிரூபித்த கதை

ஒருவரைப் புகழ்வதென்றால் நேராகப் புகழ்ந்துவிட வேண்டும். சுற்றி வளைத்துப் புகழ்ந்தால் வீட்டில் அடுப்பு எரியாது. மூன்று வருடம் படித்த கணிதம் எனக்குக் கற்றுக்கொடுத்தது இது ஒன்றுதான்.

எழுபதுகளின் கடைசியில் முள்ளிப்பட்டிலிருந்து வேலூருக்கு பஸ்ஸில் போய் பி.எஸ்ஸி. கணிதம் படித்தேன். தேற்றங்களை மனப்பாடம் செய்து அப்படியே கக்குவதில் நான் சூரன். அந்த நிம்மதியைக் கெடுக்க ஒரு புது விரிவுரையாளர் வந்து சேர்ந்தார். குறியீடே இல்லாமல், சொந்த வார்த்தையில், சொந்த ஊர் உதாரணத்தோடு ஒரு நிரூபணத்தைக் கட்டுரையாக எழுதி வரச் சொன்னார்.

நான் எடுத்துக்கொண்டது முரண்பாட்டு முறை. ஒன்றை உண்மை என்று காட்ட, முதலில் அது பொய் என்று வைத்துக்கொண்டு, எங்கே போய் முட்டுகிறது என்று பார்ப்பது. உதாரணத்துக்கு எங்கள் முதலாளி. அவர் பட்டு நூல் பாவும் ஜரிகையும் கொடுத்தால்தான் அப்பாவின் தறி ஓடும். அவர் மகன் சேகர் என் வகுப்பு. (ஐஸ் வைக்க இதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்குமா?)

"எங்கள் முதலாளி பட்டு எடையில் ஏமாற்றும் திருடர் என்று கொள்வோம்" என்று கம்பீரமாகத் தொடங்கினேன். எப்படியெல்லாம் ஏமாற்றலாம் என்று முதல் பக்கம் முழுக்க விவரம். (கேள்விப்பட்டதைத்தான் எழுதினேன். கற்பனைக்கு அவசியமே இருக்கவில்லை.) இரண்டாம் பக்கத்தில்தான் முரண்பாடு: அவர் திருடரானால் நெசவாளர்கள் விட்டுப் போயிருப்பார்கள், யாரும் போகவில்லை, ஆகவே அவர் யோக்கியர்.

விரிவுரையாளர் மகிழ்ந்துபோய் வகுப்பில் உரக்கப் படித்தார். முதல் பக்கம் முடிந்ததும் மணி அடித்தது. மீதி நாளைக்கு என்று எடுத்துக்கொண்டு போய்விட்டார். சேகர் எனக்கு முந்தைய பஸ்ஸைப் பிடித்தான்.

மறுநாள் காலை பாவு வாங்கப் போன அப்பா வெறுங்கையோடு திரும்பினார்.

"இன்னாடா எழுதி வச்ச? திருடன் வூட்டுப் பாவு உனக்கு எதுக்குன்னு கேக்கறாருடா."

கல்லூரிக்கு ஓடி, கட்டுரையை வாங்கி, அன்று சாயங்காலமே முதலாளி முன்னால் நின்று இரண்டாம் பக்கத்தைப் படித்தேன். பொறுமையாகத்தான் கேட்டார்.

"எல்லாம் சரிப்பா. கீழ சேப்பு இங்க்ல ஏதோ எழுதிக்கீதே, அது இன்னா?"

நான் அவசரமாகத் தாளை மடித்தேன். சேகர் வாங்கிப் படித்தான்: "நெசவாளர்களுக்கு வேறு போக்கிடம் இல்லாமலும் இருக்கலாம். நிரூபணம் செல்லாது."

முதலாளி சிரித்தார். "வாத்தியார் கெட்டிக்காரருதான். நீ போய் வாப்பா."

அந்த வருடம் முழுக்க எங்கள் தறி சும்மா கிடந்தது. அப்பா வேறொருவர் வீட்டுத் தறியில் கூலிக்கு உட்கார்ந்தார். அப்பாவைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தச் சிவப்பு மை வரிதான் ஞாபகம் வரும். சரியாகச் சொன்னவன்மேல் வருகிற கோபம் ஆறுவதே இல்லை.

இன்றும் எங்கள் வீட்டில் யாராவது யாரையாவது பாராட்ட ஆரம்பித்தால், "ரெண்டாம் பக்கத்துலேர்ந்து படிங்க" என்பாள் என் தங்கை. எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரித்து வைப்பேன்.

அப்பா ஒருநாளும் சிரித்ததில்லை. முதலாளி இறந்தபோது மாலை போட்டுவிட்டு வந்தவர், கை கால் கழுவிக்கொண்டே என்னிடம் சொன்னார்:

"மொதப் பக்கத்துல நீ எழுதனது அத்தனையும் நெசந்தாண்டா."