மாட்டு டாக்டர் என்னை மயக்கப் பார்த்த கதை

புதுக்கோட்டை மாவட்டத்தில் சொக்குப்பொடியின் பேச்சுக்கு மயங்காத ஜீவன்கள் இரண்டே இரண்டுதான். ஒன்று, எங்கள் வீட்டுச் செவலைக் கிடேரி. இன்னொன்று, நான். மற்றபடி கோழியில் தொடங்கி, டீக்கடைக்காரர், ஒன்றிய அலுவலக ஓவர்சியர் வரைக்கும் அவர் கண்ணை மூடச் சொல்லி மூடாதவர்கள் எங்கள் பக்கத்தில் கிடையாது.

சொக்குப்பொடி எங்கள் ஊர்க் கால்நடை ஆய்வாளர். ஊருக்கு அவர் மாட்டு டாக்டர். அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று கட்டாயம் இருந்திருக்கும். மருந்தகத்துக்கு வெள்ளையடித்தவர்கள் பெயர்ப் பலகைக்கும் சேர்த்து அடித்துவிட்டார்கள், அதற்குப் பிறகு யாரும் விசாரிக்கவில்லை. கோழித் தடுப்பூசி முகாமில்தான் அவருக்கு இந்தப் பட்டம் கிடைத்தது. பஞ்சவர்ணம் அக்காவின் சண்டியர் சேவல் ஊசியைக் கண்டதும் மூன்று பேரைக் கொத்திவிட்டது. இவர் அதை அமுக்கிப் பிடித்து, தலையைத் தரையோடு வைத்து, அலகுக்கு நேராகச் சாக்பீஸால் நீளமாக ஒரு கோடு இழுத்தார். பிறகு கையை எடுத்துவிட்டார். சேவல் எழுந்திருக்கவே இல்லை, கோட்டைப் பார்த்தபடி அப்படியே கிடந்தது.

"அடி ஆத்தீ, சொக்குப்பொடி போட்டுட்டாருடி!" என்று அக்கா அலறினாள். பெயர் ஒட்டிக்கொண்டது.

சேவல் கொடுத்த தைரியத்தில் மனிதர் அடுத்த கட்டத்துக்குப் போனார். திருச்சியில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை ஹிப்னாடிசம் வகுப்புக்குப் போய் வந்து, சான்றிதழுக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டு, மருந்தகத்தில் ஃபிரிட்ஜுக்கு மேலே மாட்டினார். "அஞ்சறிவுக்கே கேக்குதுன்னா ஆறறிவுக்குக் கேக்காதாங்க?" என்பது அவர் வாதம். முதலில் சிக்கியவர் டீக்கடைக்காரர். பீடியை விட வேண்டும் என்று போனார். "இனிமே வாயில வச்சா கசக்கும்" என்று சொல்லி எழுப்பி அனுப்பினார் சொக்குப்பொடி. எதை வைத்தால் என்று சொல்ல மறந்துவிட்டார். மறுநாள் முதல் டீக்கடைக்காரருக்குச் சோறு கசந்தது, தண்ணீர் கசந்தது, டீயும் கசந்தது. ஊருக்கே கசக்கும் என்று பாவம் எல்லோர் கிளாஸிலும் மூன்று மடங்கு சர்க்கரை போட்டார். பீடி மட்டும் எப்போதும்போல இருந்ததாம்.

இப்படிப்பட்டவரிடம் நான் ஏன் போய் மாட்டிக்கொண்டேன் என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

எங்கள் ஊராட்சித் தலைவர் பதவியைப் பெண்களுக்கு ஒதுக்கினார்கள். சிங்கப்பூரிலிருந்து திரும்பி வந்து சும்மா இருந்த என் வீட்டுக்காரர் என்னை நிற்க வைத்தார். நானும் வீடு வீடாகப் போய், "காலையில எட்டரை மணிக்கு ஊருக்குள்ள டவுன் பஸ் வரும், பொம்பளப் புள்ளைக மூணு கிலோமீட்டர் நடக்க வேண்டாம்" என்று சத்தியம் செய்து ஓட்டு வாங்கி ஜெயித்துவிட்டேன். முதல் கிராம சபைக் கூட்டத்தில் மைக்கைப் பிடித்தேன். எதிரே மொத்த ஊரும் உட்கார்ந்திருந்தது. நெஞ்சு படபடவென்று அடித்தது, கை ஜில்லிட்டது, உள்ளே போன மூச்சு வெளியே வரவில்லை. செத்தேன் என்றே நினைத்தேன்.

பெரியாஸ்பத்திரியில் டாக்டரம்மா ஈ.சி.ஜி. எடுத்துப் பார்த்துவிட்டு, "இதயத்துக்கு ஒண்ணுமில்லைங்க. பயத்துல வர்றது. இதைப் பேனிக் அட்டாக்னு சொல்லுவோம்" என்றார். என் வீட்டுக்காரர் அதில் கடைசி வார்த்தையை மட்டும் ஊருக்குக் கொண்டுவந்து சேர்த்தார். ஒரு வாரம் வீட்டுக்குச் சாத்துக்குடி வந்துகொண்டே இருந்தது.

அதோடு மைக் அவர் கைக்குப் போனது. அடுத்த கூட்டத்தில் அவரே முக்கால் மணி நேரம் பேசினார். அதற்கடுத்த கூட்டத்தில் ஊர் அவரைத் தலைவரே என்றது, என்னைத் தலைவர் வீட்டம்மா என்றது. பஸ்ஸைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை. அவருடைய கனவெல்லாம் ஊர் முகப்பில் ஓர் அலங்கார வளைவு. இரண்டு பக்கமும் யானை, நடுவில் ஊர்ப் பெயர், கீழே சின்னதாக எங்கள் பெயர்.

"ஆகஸ்டு பதினஞ்சு கிராம சபையில தீர்மானம் போட்டுருவோம். ஒனக்கெதுக்குச் சிரமம்? நான் பேசிக்கிறேன்" என்றார்.

"பஸ்ஸுங்க?"

"ஆர்ச்சு வந்தா பஸ்ஸு தானா வரும்டி."

எனக்கு ஆத்திரமான ஆத்திரம். பள்ளிக்கூடப் பிள்ளைகள் காலையில் என் வீட்டைத் தாண்டித்தான் நடந்து போவார்கள். அந்த நேரத்தில் வாசலுக்கு வரவே எனக்கு வெட்கமாக இருக்கும். ஆனால் மைக்கைப் பிடிக்கப் பயமாயிற்றே, என்ன செய்ய?

அந்த வாரம் கிடேரிக்குச் சினை ஊசி போட வந்த சொக்குப்பொடி, வழக்கம்போல அதனிடம் ஓர் உதை வாங்கிக்கொண்டு, தொடையைத் தடவியபடி என் முகத்தைப் பார்த்தார். "என்ன தலைவரே, கண்ணு ரெண்டும் ஓடுற ஓட்டமே சரியில்லையே? மிரண்ட மாடு இப்புடித்தான் பாக்கும்" என்றார். ஊரில் என்னைத் தலைவரே என்று கூப்பிட மிச்சமிருந்த ஒரே ஆள். எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

"மூணே தடவை. பயத்தப் புடுங்கி எறிஞ்சிருவோம்."

ஊராட்சி அலுவலக வராந்தாவில் ஏற்பாடு. ஆம்பளையோடு தனியே உட்கார்ந்து கண்ணை மூடினால் ஊர் என்ன பேசும்? பக்கத்து வாய்க்காலில் நூறு நாள் வேலை நடந்துகொண்டிருந்தது. அங்கிருந்து பஞ்சவர்ணம் அக்காவைத் துணைக்குக் கூப்பிட்டேன். "சாரு சொக்குப்பொடி போடப் போறாராம்" என்று அவள் வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்ததில், மண்வெட்டியும் கூடையுமாக முப்பது பெண்கள் வந்து சேர்ந்துவிட்டார்கள்.

சொக்குப்பொடி பையிலிருந்து நூல் கட்டிய தெர்மாமீட்டரை எடுத்து என் கண்ணுக்கு முன்னால் ஆட்டினார். மாட்டுக்கு வைக்கிற தெர்மாமீட்டர். அதை மாட்டுக்கு எங்கே வைப்பார்கள் என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

"சார், இதைக் கழுவுனீங்களா?"

"டெட்டால் போட்டுக் கழுவுனது தலைவரே. கண்ண மட்டும் அதுல வைங்க."

வைத்தேன். பிறகு மூடச் சொன்னார், மூடினேன். குரலை இறக்கி, இழுத்து இழுத்து ஆரம்பித்தார். "பத்து... ஒடம்பு லேசாகுது... ஒம்போது... தோளு தளருது... எட்டு... ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல... ஹோவ்... நில்லுடி என் தங்கம், ஒதைக்கக் கூடாது..."

நான் கண்ணைத் திறந்தேன்.

"மன்னிச்சுக்கங்க தலைவரே, வாய்ப்பழக்கம்" என்று பதறினார். வராந்தாவே சிரித்தது.

மறுபடி பத்திலிருந்து எண்ணினார். எனக்குக் கொட்டாவி கூட வரவில்லை. எதுக்களித்த காலைத் தோசைதான் வந்தது. ஆனால் பின்னால் ஒவ்வொரு கூடையாகச் சரிகிற சத்தம் கேட்டது. "ஆறு" சொல்லும்போது குறட்டை கிளம்பியது. திரும்பிப் பார்த்தால் முப்பது பெண்களும் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து, வாயைப் பிளந்துகொண்டு உறக்கம். காலையிலிருந்து மண் வெட்டிய உடம்பு, பாவம்.

சரியாக அப்போதுதான் வேலைத்தளத்தைப் போட்டோ எடுக்க ஓவர்சியர் வந்து இறங்கினார். வாய்க்காலில் ஆள் இல்லை. வராந்தாவில் தொழிலாளர்கள் அத்தனை பேரும் தூங்க, தலைவர் மட்டும் முழித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க, மாட்டு டாக்டர் தெர்மாமீட்டரை ஆட்டிக்கொண்டிருந்தார்.

"என்னங்க நடக்குது இங்க?"

"ஷ்ஷ்... சத்தம் போடாதீங்க சார். பாதியில எழுப்புனா உயிருக்கே ஆபத்து. இங்கிட்டு உக்காருங்க."

ஓவர்சியர் மிரண்டுபோய் ஓசைப்படாமல் உட்கார்ந்தார். "நாலு" என்றபோது அவர் தலையும் தொங்கிவிட்டது. எழுந்ததும் முகத்தைக் கழுவிக்கொண்டு, எங்களை ஒரு வார்த்தை கேட்காமல் கிளம்பிப் போனார்.

அப்புறம் இரண்டு தடவை, சாப்பாட்டு நேரமாகப் பார்த்து வைத்துக்கொண்டோம். மூன்றிலும் ஊர் தூங்கியது, நான் மட்டும் விழித்திருந்தேன். "கவலப்படாதீங்க தலைவரே, உள்ளுக்குள்ள எறங்கியிருக்கும். அன்னைக்கு நான் முன்னால நின்னு எண்ணுறேன்" என்றார். அந்த ஒரு சொல்லை நம்பித்தான் ஆகஸ்டு பதினைந்தாம் தேதி காலையில் பட்டுச்சேலை கட்டினேன்.

கொடியேற்றி முடித்துப் பார்த்தால் சொக்குப்பொடியைக் காணோம். பக்கத்து ஊரில் ஒரு பசுவுக்குக் கன்று குறுக்கே மாட்டிக்கொண்டதாம், ஓடிவிட்டார்.

பந்தலில் என் வீட்டுக்காரர் யானை வளைவின் படத்தைச் சுருட்டிக் கையில் வைத்திருந்தார். நான் முந்திக்கொண்டு மைக்கைப் பிடித்தேன். அவ்வளவுதான். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. காதுக்குள் ஜெனரேட்டர் ஓடியது. முன்வரிசையில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பாவி, இவ்வளவுதானா நீ என்று எனக்கே அழுகை முட்டியது.

"குடு இங்கிட்டு, நான் பேசிக்கிறேன்" என்று அவர் கையை நீட்டினார். கொடுத்திருப்பேன். பாதி நீட்டியும் விட்டேன்.

"பத்து" என்றது ஒரு குரல்.

பஞ்சவர்ணம் அக்கா. எழுந்து இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். "ஒம்போது. தோளு தளருதுத்தா. எட்டு." பக்கத்தில் இருந்தவள் சேர்ந்துகொண்டாள். "ஏழு" சொல்லும்போது முப்பது பெண்களும் எழுந்துவிட்டார்கள், வாய்ப்பாடு ஒப்பிக்கிற மாதிரி மொத்தமாக எண்ணினார்கள். நீட்டிய கையை என்ன செய்வது என்று தெரியாமல் என் வீட்டுக்காரர் அதை அப்படியே வைத்திருந்தார். "நாலு" வந்தபோது பின்னாலிருந்து யாரோ, "நில்லுடி என் தங்கம்!" என்று கத்தினாள். எனக்குச் சிரிப்பு வெடித்தது. சிரித்ததில் மூச்சும் வந்துவிட்டது.

வணக்கம் இல்லை, பெரியோர்களே தாய்மார்களே இல்லை. "எட்டரை மணிக்குப் பஸ்ஸு வேணும்" என்றேன். அதற்கப்புறம் என்னை யாராலும் நிறுத்த முடியவில்லை. தீர்மானத்துக்குக் கை தூக்கச் சொன்னபோது, நீட்டியிருந்த கையை என் வீட்டுக்காரரும் மேலே தூக்கிவிட்டார். யானை வளைவு சுருட்டியபடியே வீட்டுக்கு வந்தது.

கூட்டம் கலைகிற நேரத்தில், முழங்கை வரை ஈரமாக, சட்டையெல்லாம் மாட்டு வாடையோடு சொக்குப்பொடி ஓடி வந்தார். "தாயும் கன்னும் சொகம். நீங்க எப்புடி?" என்றார். சொன்னேன். நின்ற இடத்திலேயே துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார் மனிதர். "எறங்கிருக்கும்னு சொன்னேன்ல, சொன்னேன்ல" என்றார். நானும் அழுதேன். பஸ் வர ஏழெட்டு மாதம் ஆனது, அதுவும் எட்டே முக்காலுக்குத்தான் வருகிறது. ஆனாலும் வருகிறது.

இப்போது என் பதவிக்காலம் முடிந்துவிட்டது. அவருக்கும் மாறுதல் வந்து மீமிசல் பக்கம் போய்விட்டார். பயந்தாங்கொள்ளியாக இருந்த ஓர் ஊராட்சித் தலைவரின் பயத்தை மூன்றே தடவையில் பிடுங்கி எறிந்த கதையை, அங்கே மீன் ஏலக் கூடத்தில் நின்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்கிறாராம். பள்ளி ஆண்டு விழா, மகளிர் குழு என்று எனக்கு எங்கே கூட்டம் இருந்தாலும் எப்படியோ தெரிந்துகொண்டு காலையிலேயே போன் போட்டுவிடுவார்.

"தலைவரே, பயம் கியம் ஏதும் எட்டிப் பாக்குதா?"

"பயமா? அது எந்தக் கடையில விக்குது சார்?" என்பேன். அந்தப் பக்கம் அவர் சிரிக்கிற சிரிப்பு இருக்கிறதே, அதைக் கேட்டுவிட்டுத்தான் போனை வைப்பேன்.

மைக்கைப் பிடித்தால் எனக்கு இன்றைக்கும் பயம் எட்டிப் பார்க்கத்தான் செய்கிறது. அதை அவரிடம் சொல்ல மட்டும் மனசு வருவதில்லை.