நீலக் காலும் என் முதல் வகுப்பும்

பதறாமல் முடிவெடுப்பது எப்படி என்று மருத்துவ மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பது என் வேலை. பதறுவதை மட்டும் வீட்டுக்கென்று தனியாக வைத்திருக்கிறேன்.

பிரசவ விடுப்பு முடிந்து திரும்பியதும் அந்த வகுப்பை ஆசைப்பட்டுக் கேட்டேன். என்னிடம் கொடுக்கலாமா என்று பார்க்கத் துறைத்தலைவரே கடைசி பெஞ்சில் வந்து உட்கார்ந்துவிட்டார். அன்றைக்கு என் மகளுக்கு முதல் பிறந்தநாள். ஓரத்தில் மஞ்சள் வைத்த புது நீலப் பேண்ட்டை அவளுக்குப் போட்டுவிட்டுத்தான் கணபதியிலுள்ள வீட்டிலிருந்து பஸ் ஏறியிருந்தேன். ("ஒருக்கா அலசிப்போட்டுப் போடு அம்மணி" என்றார் மாமியார். அலசினால் அது புதுத்துணியா?)

'பார், கேள், பிறகு யோசி. அரிதான நோயைக் கடைசியில் நினை' என்று போர்டில் எழுதி முடித்தேன். மாமியாரிடமிருந்து போன் வந்தது. (எதுவானாலும் கூப்பிடச் சொன்னதும் நான்தான்.) பதற்றத்தில் ஸ்பீக்கரை அழுத்திவிட்டேன்.

"அம்மணி, பாப்பாவுக்குக் காலு ரெண்டும் நீலமா இருக்குது. நீ பயந்துக்காத."

பயந்தேன். இதயத்தில் ஓட்டை, ரத்தத்தில் கோளாறு என்று படித்த அரிய நோய்களையெல்லாம் வகுப்பு முழுக்கக் கேட்கும்படி அடுக்கினேன். "உடனே ஆம்புலன்ஸக் கூப்பிடுங்க அத்தை."

"ஆருக்குக் கண்ணு, உனக்கா?"

முன்வரிசையில் ஒரு மாணவி எழுந்தாள். "மேடம், உதடும் நாக்கும் என்ன கலர்னு கேளுங்க."

"நல்லா ரோஸாத்தான் இருக்குது" என்று மாமியாரே பதில் சொன்னார். "ரெண்டாவது இட்லி தின்னுட்டு இருக்கறா."

"ஏனுங்கம்மா, ஈரத்துணில காலத் தொடச்சுப் பாத்தீங்களா?" என்று அந்த மாணவியே போனைப் பார்த்துக் கேட்டாள்.

குழாய்த் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. பிறகு, "வந்துருச்சு சாமி. துணியெல்லாம் நீலம்."

வகுப்பே சிரித்தது. துறைத்தலைவர் எழுந்து வந்தார். வகுப்பு போச்சு என்று நினைத்தேன். அவர் சாக்பீஸை வாங்கி, நான் எழுதியதற்குக் கீழே 'முதலில் துடை' என்று எழுதினார்.

"இந்த வகுப்பு உங்களுக்குத்தானுங்க" என்றார். "வருஷா வருஷம் இதே கேஸையே சொல்லுங்க."

சொல்கிறேன். வீட்டில் பதறுவதையும் விட்டபாடில்லை. மகளுக்கு இப்போது நாலு வயது. போன வாரம் அவள் கன்னத்தில் ஏதோ சிவப்பாகத் தெரிந்து, நான் அப்படியே நின்றுவிட்டேன். அவளே ஓடிப்போய் ஈரத்துணியை எடுத்து வந்து நீட்டினாள். "தொடச்சுப் பாரும்மா."

ஸ்கெட்ச் பேனா.

நான் திருந்திவிட்டேன் என்று சொல்லமாட்டேன். ஆனால் இப்போதெல்லாம் துடைத்த பிறகுதான் பதறுகிறேன்.