இடுப்புப் பிடிப்பு

மனைவியை இனிமேல் சாயங்காலங்களில் வீட்டை விட்டு நகரவிடுவதில்லை என்று மாலை ஐந்தரை மணிக்குத் தீர்மானித்தேன். ஆறு மணிக்கு அவள் கிளம்பிவிடுவாள். வீரத்தைக் காட்ட எனக்கு இருந்தது அரை மணி நேரம்.

நான் ஓய்வுபெற்ற லிஃப்ட் ஆபரேட்டர். முப்பது வருஷம் தினமும் நூறு தடவை பத்தாவது மாடிக்குப் போய் வந்தவன். ஒரு படி ஏறியதில்லை. ஸ்டூலில் உட்கார்ந்தபடியே உயர்ந்த மனிதன்! இனி ஆற அமர வீட்டில் பேசிக்கொண்டிருக்கலாம் என்று வந்து சேர்ந்தேன். அந்த மாதமே அவள் இடுப்புப் பிடிப்புக்காகத் தெருமுனை மண்டபத்தில் நடக்கிற உடற்பயிற்சி வகுப்பில் சேர்ந்துவிட்டாள். உடம்பு நன்றாக வளைய வேண்டுமாம், கால் சுறுசுறுப்பாக ஓட வேண்டுமாம். தரையில் கயிற்றேணியை விரித்துப் போட்டு, கட்டத்துக்குக் கட்டம் குதிக்கிறார்கள். ஏணியைப் படுக்கப் போட்டு ஏறுகிற காலத்தில் லிஃப்ட்காரனை யார் மதிப்பார்கள்?

மூன்று மாதத்தில் இடுப்புப் பிடிப்பு விட்டது. கூடவே வீட்டுப் பிடிப்பும் விட்டது. எட்டரைக்குத்தான் திரும்புவாள். அதுவரை சுவர்க் கடிகாரத்தோடு பேசிக்கொண்டிருப்பேன். அது எதிர்த்துப் பேசாது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"போகாதே, தனியா இருக்க முடியல" என்று சொல்லியிருக்கலாம். ஆனால் என் நாக்குக்கு வளைந்து பழக்கமில்லை. அதனால் இடுப்பை வளைத்தேன். கூடத்தில் குனிந்து கால் கட்டைவிரலைத் தொடுகிற மாதிரி பாவனை செய்து, அப்படியே தரையில் சரிந்தேன்.

"ஐயோ, பிடிச்சுக்கிச்சு!"

ஓடி வந்தாள்.

"எங்கங்க?"

"இடுப்புல."

"எந்தப் பக்கம்?"

இதை நான் யோசித்து வைக்கவில்லை.

"ரெண்டு பக்கமும். நடுவுலயும் கொஞ்சம்."

அன்று அவள் போகவில்லை. தைலம் தேய்த்தாள். பக்கத்திலேயே உட்கார்ந்து காய் நறுக்கினாள். ஒன்றுமில்லாத விஷயங்களை ஒன்றரை மணி நேரம் பேசினோம். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வலி என்று நினைத்து இன்னும் கொஞ்சம் தேய்த்தாள்.

ருசி கண்ட பூனை சும்மா இருக்குமா? மறுநாளும் அதே ஐந்தரை, அதே இடம், அதே ஐயோ. மூன்றாம் நாளும் சரிந்தேன். பக்கத்தில் வந்து குனிந்து பார்த்தாள்.

"நேத்து இடது பக்கம்னீங்க. இன்னிக்கு வலது பக்கத்தப் பிடிச்சிருக்கீங்க?"

"வலி இடம் மாறிடுச்சு."

"உங்கள விட உங்க வலி சுறுசுறுப்பா இருக்கே!"

"கிண்டல் பண்ணாத. அசைய முடியல."

"அசையவே வேணாம். உங்கள இப்படி விட்டுட்டு எப்படிப் போறது? வகுப்பையே இங்க வரச் சொல்லிட்டேன்."

அழைப்பு மணி அடித்தது. கயிற்றேணியோடு பயிற்சி டீச்சரும் பின்னால் ஆறு பெண்களும் உள்ளே வந்தார்கள். டீச்சர் என்னை நீளவாக்கில் பார்த்தார்.

"தாண்டிக் குதிக்க அசையாத பொருள் ஒண்ணு வேணும்னு ரொம்ப நாளா நினைச்சேன்."

"தாராளமா டீச்சர்," என்றாள் என் மனைவி. "இவருதான் எங்க வீட்டு அசையாச் சொத்து."

ஒவ்வொருவராக என்னைத் தாண்டினார்கள். கண்ணை இறுக மூடிக்கொண்டேன். ஐந்து பேர் தாண்டியதும் லேசாகத் திறந்து பார்த்தேன். ஆறாவதாக நின்ற கீழ்வீட்டு அம்மா, தன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி என் மனைவியிடம் கொடுத்துவிட்டு, குத்துமதிப்பாக என் திசையில் ஓடி வந்தார்.

எப்படி உருண்டேன், எப்படி எழுந்தேன் என்று தெரியாது. சோபாவின் மேல் நின்றுகொண்டிருந்தேன். எல்லோரும் கைதட்டினார்கள்.

"இதுதாங்க சுறுசுறுப்பு!" என்றார் டீச்சர். மிச்சப் பயிற்சியை மண்டபத்திலேயே முடிக்கலாம் என்று ஏணியைச் சுருட்டிக்கொண்டு படியிறங்கினார்கள்.

என் மனைவி பின்தங்கி ஷூவுக்கு முடிச்சுப் போட்டாள். வெட்கத்தை விட்டுச் சொல்லிவிட்டேன்.

"நீ போனா எனக்கு ரொம்பத் தனியா இருக்கு."

நிமிர்ந்து பார்த்தாள். முகம் இளகியிருந்தது.

"இதத்தான் மூணு நாளா எதிர்பார்த்தேன்," என்றாள்.

மனசு நிறைந்துவிட்டது. சோபாவில் நகர்ந்து அவளுக்கு இடம் விட்டேன். அவள் உட்காரவில்லை.

"முப்பது வருஷம் நீங்க ரெண்டாவது ஷிஃப்ட் பார்த்தீங்க. சாயங்காலமானா எனக்கும் இப்படித்தான் இருந்துச்சு. பழகிடும்."