பதினான்கு பேருக்கும் ஒரே பொத்தான்

தென்காசி,
வெள்ளிக்கிழமை மத்தியானம்.

அன்பு மருமகன் விஜய்பாண்டிக்கு,

உன் தாய்மாமன் சங்கரபாண்டி ஆசீர்வாதம் சொல்லி எழுதுவது. இங்கே உன் அத்தை, பிள்ளைகள், பார்சல் ஆபீஸில் எல்லோரும் சுகம். பில் அடிக்கும் சர்வர் பெட்டி ஒன்றுதான் சுகமில்லை. பெங்களூரில் நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா? போனில் சொன்னால் உன் பெரியப்பா நம்பிராஜன் அத்தான் காதில் விழும், அதனால்தான் இந்தக் கடிதம்.

தை மாதம் நீ சர்வரை மாட்டிக் கொடுத்தபோது சொன்னாய், பெட்டி அணைந்து கிடந்தாலும் அதற்குள் ஒரு சில்லு முழித்தே இருக்கும், எந்த ஊரிலிருந்தும் போன் வழியாகப் பெட்டியைப் போடலாம், அணைக்கலாம், அந்த உரிமை யாருக்கு என்பதை டைரக்டரி என்கிற பெயர்ப்பட்டியல்தான் சொல்லும் என்று. "உங்க பேரும் கிளார்க் தாணு பேரும் போதும் மாமா" என்று படித்துப் படித்துச் சொன்னாய். நானும் அப்படித்தான் வைத்திருந்தேன், ஒரே ஒரு வாரம். அதற்குள் உச்சிமாகாளி அண்ணன் பார்த்துவிட்டு, "ஏலே சங்கரா, நம்ம அப்பா ஆரம்பிச்ச ஆபீஸு, இதுல என் பேரு எங்கலே?" என்றார். சேர்த்தேன். அண்ணனைச் சேர்த்தபின் வீட்டுக்கு மூத்த மாப்பிள்ளையை விட முடியுமா? சும்மா பார்க்க மட்டும் உரிமை உள்ள பிரிவில் அத்தானைப் போட்டேன். "கல்யாணப் பத்திரிகைல என் பேரப் பின்பக்கமா போடுவ மாப்ளே?" என்று கேட்டு அன்றைக்குச் சாப்பிடாமல் எழுந்து போய்விட்டார். அவருக்கும் முழு உரிமை கொடுத்தேன். இப்படியே பதினான்கு பேர். அதிலும் அகர வரிசையாம், சித்தி மகன் இசக்கிமணி பெயர் அண்ணன் பெயருக்கு மேலே நிற்கிறதென்று தனியாக ஒரு பஞ்சாயத்து.

நேற்று யாக்கூப் பாய் அறுபத்திரண்டு பெட்டி மங்குஸ்தான் கொண்டுவந்து இறக்கினார். நாலு மணி லாரிக்குச் சென்னை போகணும். பாதி பில் அடிக்கும்போது சர்வர் படுத்துவிட்டது. விஷயம் என்னவென்றால், சாரல் சீசனாயிற்றே என்று அத்தான் தன் சம்பந்தியைக் கூட்டிக்கொண்டு ஐந்தருவிக்குப் போயிருக்கிறார். வரிசையில் நிற்கும்போது, "இங்கன நின்னே ஆபீஸ அணைச்சுக் காட்டுதேன் பாரும்" என்று போனை எடுத்து அணைத்தும் காட்டிவிட்டார். திரும்பப் போடுவதற்குள் வரிசை நகர்ந்தது, போனைப் பைக்குள் போட்டுவிட்டுக் குளிக்கப் போய்விட்டார். இங்கே தாணு தன் போனில் பொத்தானை அமுக்கினான். சிவகிரியில் உட்கார்ந்திருந்த அண்ணனும் அமுக்கினார். பெட்டி அணைந்திருந்தால் அந்தப் பொத்தான் போடும், போட்டிருந்தால் அணைக்கும். தாணு போட்டதை அண்ணன் அணைத்தார், அண்ணன் போட்டதை இசக்கிமணி அணைத்தான். ஆறு தடவை! ஒவ்வொருவருக்காகப் போன் போட்டால், "நாந்தான் சரி பண்ணிக்கிட்டு இருக்கேன், சும்மா இரி" என்றார்கள்.

யாக்கூப் பாய் சத்தம்கூடப் போடவில்லை. "அண்ணாச்சி, முப்பது வருசமா எதிர்த்த ஆபீஸ் படிய மிதிச்சதில்ல. பழம் அழுகுது, நீங்க குடும்பத்தோட வெளையாடுதீய. இன்னொரு தடவ இப்படி ஆச்சுன்னா அந்தப் படிய மிதிச்சிருவேன்" என்றார். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போல இருந்தது. அவர் போய்விட்டால் ஆபீஸில் பாதி வியாபாரம் போய்விடும். கடைசியில் தாணுதான் உள்ளே போய், அந்தச் சில்லுக்கு வரும் வயரைப் பிடுங்கிவிட்டு, பெட்டியில் தன் விரலாலேயே அமுக்கினான். சர்வர் அணையாமல் நின்றது. லாரி ஆறு மணிக்குக் கிளம்பியது.

ஆகவே மருமகனே, நீ அங்கிருந்தே என்னையும் தாணுவையும் தவிர எல்லோரையும் எடுத்துவிடு. ஒருவர் முகத்தையும் பார்க்காதே. கேட்டால் பெங்களூர்ச் சட்டம் என்று சொல். என்னை மட்டும் இதில் இழுத்துவிடாதே.

குற்றாலநாதர் உன்னை நல்லபடியாக வைத்திருக்கட்டும். வெந்நீரே குடி.

இப்படிக்கு,
உன் மாமா சங்கரபாண்டி

பி.கு.: கவரை ஒட்டுவதற்குள் அத்தான் சம்பந்தியோடு வந்துவிட்டார். சம்பந்தி குற்றாலீஸ்வரன் காப்பியைக் குடித்துக்கொண்டே, "எங்க பேரெல்லாம் அதுல வராதோ?" என்று சிரித்தார். அத்தான் சிரிக்காமல் என்னைப் பார்த்தார். ஆகவே மேலே எழுதியதை விட்டுவிடு. சம்பந்தி பெயரை முழு உரிமையோடு சேர்த்துவிடு. தாணு பிடுங்கிய வயரையும் மாட்டச் சொல்லிவிட்டேன். யாரையாவது எடுத்தே தீரணும் என்று நீ அடம்பிடித்தால் தாணுவை எடுத்துவிடு. அவன் நமக்குச் சொந்தமில்லை, கோபித்துக்கொள்ள மாட்டான்.