சாம்பல் சட்டையும் உன் மகளின் தீர்ப்பும்

மதிப்பும் அன்பும் நிறைந்த அக்கா அவர்களுக்குத் தம்பி வணக்கத்துடன் எழுதுவது. இங்கு நானும் என் மனைவியும் சுகம். மாடிக் குழாய் மட்டும் ஒழுகிக்கொண்டிருக்கிறது. தங்கள் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன்.

'பேங்க் வேலையை விட்டுட்டு, ஊரார் மோவாய்க்குக் கீழ துணியை வச்சு எந்தக் கலர் பொருந்தும்னு சொல்றதெல்லாம் ஒரு தொழிலா? நீதான் அவளுக்குப் புத்தி சொல்லணும்' என்று தங்கள் மகளைப் பற்றி எழுதியிருந்தீர்கள். புத்தி சொல்லத்தான் அவளை வீட்டுக்கு வரவழைத்தேன். அக்கா, நான் வாயைத் திறக்கறதுக்குள்ள என்னை ஜன்னலோரம் உட்கார வச்சுட்டா.

என் மூஞ்சி உனக்குத் தெரியாததா? பிறந்ததிலிருந்தே காய்ச்சலில் கிடந்து எழுந்தவன் களை. வெளிறின மஞ்சள் நிறம். புருவம் இருக்கா இல்லையான்னு தேடித்தான் பார்க்கணும். ஆபீசில் நான் கேட்காமலே லீவு கிடைக்கும். கல்யாணத்துக்கு முன்னால என் மாமனார் தனியா கூப்பிட்டு, "டாக்டர் என்ன சொல்றார், மாப்பிள்ளை?" என்று விசாரித்தார். பஸ்ஸில் கர்ப்பிணிகள்கூட எனக்கு எழுந்து இடம் கொடுப்பார்கள். ரிடையர் ஆனபிறகு சும்மா இருக்க முடியாம, ஒரு பல் டாக்டரிடம் வரவேற்பு மேசை வேலை கேட்டுப் போனேன். பேட்டிக்கு வந்தேன்னு சொல்றதுக்கு முன்னாடியே நர்ஸ் என்னைப் படுக்க வச்சு, பிரஷர் பார்த்து, வண்டி பிடிச்சு வீட்டுக்கு அனுப்பிட்டா. டாக்டர் கண்ணில்கூட நான் படலை.

உன் மகள் முதலில் சாம்பல் துணியை வைத்தாள். "அத்தை, இங்க வந்து பாருங்க, மாமா கண்ணுக்குக் கீழ எவ்ளோ கருப்பு!" என்றாள். அப்புறம் செங்கல் நிறத் துணி. என் மனைவி முகத்தைக் கிட்ட கொண்டுவந்து பார்த்துவிட்டு, "அட, இவருக்கு மூக்கு இவ்ளோ நல்லா இருக்கா?" என்றாள். இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தினவள் கேட்கிற கேள்வியா?

"உங்க தோலுக்குள்ள தங்க நிறம் ஓடுது மாமா. அதைச் சாம்பல்ல புதைச்சு வச்சிருக்கீங்க" என்று சொல்லி அலமாரியைத் திறந்தாள். உள்ளே சாம்பல், வெளிர் சாம்பல், துவைத்துத் துவைத்துச் சாம்பலாகிப்போன வெள்ளை. அன்றைக்கே செங்கல் நிறச் சட்டை வந்தது. அலசிக் காயப்போட்டா, மாடிக் கொடியிலிருந்து சாயம் சொட்டிக் கீழ்வீட்டு கராத்தே மாஸ்டரோட வெள்ளை உடுப்பு ரோஜாப்பூ நிறமாயிடுச்சு. மனுஷன் அதையே மாட்டிக்கிட்டு மேலே வந்து, "இதைப் போட்டுக்கிட்டு நான் யாரை மிரட்டறது?" என்று கத்தினார். உன் மகள் அசரவே இல்லை. "கோபப்படாதீங்க சார், உங்க நிறத்துக்கு இது எடுப்பா இருக்கு" என்றாள். அவர் யோசித்துக்கொண்டே இறங்கிப் போனார்.

அந்தச் சட்டையை மாட்டிக்கிட்டு மறுபடியும் பல் கிளினிக்குக்குக் கிளம்பினேன். பஸ்ஸில் ஒருத்தர் எழுந்திருக்கணுமே! தப்பித் தவறி ஒரு இடம் கிடைச்சு உட்கார்ந்தா, ஒரு அம்மா, "தெம்பாத்தானே இருக்கீங்க, கொஞ்சம் எழுந்திருங்களேன்" என்றாள். கால் கடுத்தாலும் மனசு குளிர்ந்து நின்னுக்கிட்டே போனேன். நர்ஸுக்கு அடையாளமே தெரியலை, "யாரைப் பார்க்கணும், சார்?" என்றாள். சாராம்! காத்திருந்த இடத்தில் கன்னம் வீங்கிய ஒரு பெண்மணி நைசாக வாசல் பக்கம் நகர்ந்தாள். "பயமா?" என்றேன். "உங்களுக்கு இல்லையா?" என்றாள். "எனக்கா? சின்ன வயசுல பல் பிடுங்க வந்தவரோட விரலைக் கடிச்சுட்டேன். பல்லு என்கிட்டயே இருக்கு, கட்டு அவருக்குத்தான் போட்டாங்க" என்றேன். கன்னத்தைப் பிடித்துக்கொண்டே சிரித்தவள், சிரித்த வாக்கிலேயே உள்ளே போய்விட்டாள். பிறகு டாக்டர் வெளியே வந்து என்னைப் பார்த்தார். ஒரு கேள்வி கேட்கலை. "திங்கட்கிழமை வந்துடுங்க" என்றார்.

எல்லாம் சட்டையோட மகிமை! ஆகையால் அக்கா, அவளைத் திட்டாதே. அவள் தொழில் கெட்டி. அத்தானுக்கு என் வணக்கம். உன் ஆசி என்றும் எங்களுக்கு வேண்டும்.

இப்படிக்கு,
சிவந்த முகத்துடன்,
தம்பி

பின்குறிப்பு: இதைத் தபாலில் போடுவதற்குள் திங்கட்கிழமை வந்துவிட்டது. சட்டையைப் பற்றி டாக்டரிடம் பெருமையாகக் கேட்டேன். மனுஷன் நெளிந்தார். "எனக்குச் சிவப்பு, பச்சை எல்லாம் பிரிச்சுத் தெரியாதுங்க. பல்லோட நிறத்தைக்கூட நர்ஸ்தான் பார்த்துச் சொல்லுவா. நீங்க ஏதோ சாம்பல் போட்டிருந்ததா நினைச்சேன். மூணு தடவை தப்பிச்சு ஓடின அம்மாவைச் சிரிக்க வச்சு உள்ளே அனுப்பினீங்களே, வேலை அதுக்குத்தான்" என்றார். தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு உன் மகளிடம் சொன்னேன். அவளோ துள்ளி எழுந்து, "ஐயோ பாவம், அப்போ தினமும் அவருக்குச் சட்டை எடுத்துக் குடுக்கறது யாரு?" என்றாள். நாளை மாலை டாக்டர் தன் சட்டைகளையெல்லாம் பெட்டியில் அடுக்கிக்கொண்டு என் ஜன்னலோரம் உட்கார வருகிறார்.