காளிங்கனுக்கு என்ன ஆச்சு?

“முடிவு எப்பிடிங்க இருந்துச்சு, திருமூர்த்தி?”

முதலாளி வரதராஜுலு இதைக் கேட்டபோது திருமூர்த்தி ஒரு பாட்டில் நல்லெண்ணெயை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். எண்ணெய் தெளிவாகத்தான் இருந்தது.

“எந்த முடிவுங்க?”

“நம்ம புஸ்தகத்துலீங்க.”

வெள்ளகோவிலில் எண்ணெய் மில் நடத்துகிற வரதராஜுலுவுக்கு அறுபது வயதுக்கு மேல் திடீரென்று எழுத்து வந்துவிட்டது. வந்ததும் சும்மா வரவில்லை, உலகத்தையே அழித்துக்கொண்டு வந்தது. ‘ஊழி எக்ஸ்பிரஸ்’ என்று ஒரு நாவல். பூமியின் கடைசி இரவு, ஜீப், துப்பாக்கி, பக்கத்துக்குப் பக்கம் வெடிகுண்டு. மகள் கல்யாணத்துக்கு வந்தவர்களுக்கெல்லாம் தாம்பூலப் பையில் தேங்காயோடு ஆளுக்கொரு பிரதி வைத்துக் கொடுத்தார்.

திருமூர்த்தி வீட்டில் தேங்காய் மறுநாளே சட்னியாகிவிட்டது. புத்தகத்தை அவர் பின்னட்டை வரைக்கும் படித்திருந்தார். பிளாஸ்டிக் உறையைப் பிரிக்காமல் அவ்வளவுதான் படிக்க முடியும்.

‘சூலூர் வானில் ஒரு கரும்புள்ளி. பூமிக்கு மிச்சம் ஒரே இரவு. காளிங்கன் ஜீப்பைக் கிளப்பினான்!’

அவன் கிளப்பியதோடு சரி. எங்கே போனான் என்று திருமூர்த்திக்குத் தெரியாது.

“முடிவுதானுங்க உசுரே!” என்றார் திருமூர்த்தி.

நல்லா இல்லை என்று முகத்துக்கு நேரே சொல்லும் வழக்கம் அந்த ஊரில் இல்லை. படிக்கவில்லை என்று சொல்லும் வழக்கமும் இல்லை.

முதலாளி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு அவரையே பார்த்தார். “அப்பிடீங்களா? கடைசிப் பக்கம் வரைக்கும் படிச்சீங்களா?”

“படிச்சுப்போட்டு எனக்குச் சோறே எறங்கலீங்க.”

“அப்பச் சரி. ஞாயித்துக்கெழமை கோயமுத்தூரு ஆர்.எஸ்.புரத்துல வாசகர் கூட்டம் வெச்சிருக்கறேன். ஆளாளுக்கு அவங்க கருத்தச் சொல்லட்டும். நீங்க முடிவப் பத்தி மட்டும் பேசுங்க.”

திருமூர்த்தி பாட்டிலை ஜன்னல் ஓரமாக வைத்துவிட்டார்.

“அங்க தொறக்கப்போற புதுக்கடைக்கு ஆரு மேனேஜருன்னும் அன்னிக்கே சொல்லிப்போடறேன்” என்றார் முதலாளி. “அதுக்குத்தான் ஒரு ஆளத் தேடீட்டிருக்கறேன்.”

அந்த மேனேஜர் வேலைக்காகத்தான் திருமூர்த்தி போன வருஷத்திலிருந்து தவம் கிடக்கிறார். மகள் அக்ஷயா கோயமுத்தூரில் காலேஜ் ஹாஸ்டலில் இருக்கிறாள். போனில் பேசும்போதெல்லாம் சாப்பாட்டைச் சொல்லி அழுவாள். அவள் அழுவதைக் கேட்டு மனைவி கீதா அழுவாள். கடை கிடைத்தால் மூன்று பேரும் ஒரே வீட்டில் இருக்கலாம். கீதா ஆர்.எஸ்.புரத்துக்குப் பக்கத்தில் வாடகைக்கு ஒரு வீடுகூடப் பார்த்து வைத்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமைக்குள் படித்துவிட்டால் தீர்ந்தது. சின்னப் புத்தகம்தானே என்று தைரியமாக வீட்டுக்குப் போனார்.

“கீதா, அந்தப் புஸ்தகம் எங்க?”

“எந்தப் புஸ்தகமுங்க?”

“மொதலாளி குடுத்தது. அட்டையில ஜீப் பறக்குமே.”

“அதயா? தாராபுரத்துல பாப்பாயி அக்கா பேத்திக்குக் காது குத்துனாங்கல்ல, சீர்த்தட்டுல வெச்சுக் குடுத்துப்போட்டனே.”

“புஸ்தகத்தயா?”

“பிரிக்காத சாமானுங்க! புத்தம் புதுசாட்டம் இருந்துச்சு. ஊட்டுல வெச்சிருந்தா நீங்க பிரிச்சுப்போடுவீங்க.”

கல்யாணத்தில் வருகிற சுவர்க்கடிகாரமும் ஹாட் பாக்ஸும் பிரிக்கப்படாமல் அடுத்த விசேஷத்துக்குப் போவது அந்தப் பக்கத்தில் சகஜம். புத்தகமும் அந்த வரிசையில் சேர்ந்துவிட்டது. திருமூர்த்தி உடனே பாப்பாயிக்குப் போன் போட்டார்.

“அது இங்க எங்கீங்க தம்பி இருக்குது?” என்றார் பாப்பாயி. “மறு வாரமே ஒரு ஊடு குடிபோற விசேசத்துக்குக் குடுத்தாச்சு. நல்ல புஸ்தகமுங்க. ஆருக்குக் குடுத்தாலும் சந்தோசமா வாங்கிக்கறாங்க.”

“நீங்க படிச்சீங்களா அக்கா?”

“பிரிச்சா எப்பிடீங்க குடுக்கறது?”

ஆன்லைனில் வரவழைக்கலாம் என்று பார்த்தால் திங்கட்கிழமைதான் வரும் என்றது. உலகம் அழிந்த பிறகு காளிங்கன் வந்து என்ன பயன்?

மறுநாள் கணக்குப் பிரிவு அமிர்தராஜைப் பிடித்தார். அமிர்தராஜ் மெத்தப் படித்தவர். சர்ச்சில் வாசகம் வாசிக்கிறவர். இவர் படித்திருப்பார். ஆனால் “முடிவு என்ன?” என்று நேராகக் கேட்டால் தன் குட்டு வெளிப்பட்டுவிடும். ஆகவே சுற்றி வளைத்தார்.

“ஊழி எக்ஸ்பிரஸ் முடிவ நெனச்சா, இன்னும் மனசு ஆறலீங்க அமிர்தராஜ்.”

அமிர்தராஜ் கால்குலேட்டரிலிருந்து மெல்லத் தலையைத் தூக்கினார். “எனக்குந்தானுங்க.”

“குறிப்பா அந்த எடம்…”

“ஆமாங்க, அந்த எடந்தானுங்க.”

“நீங்க எந்த எடத்தச் சொல்றீங்க?”

“நீங்க சொல்ற அதே எடந்தானுங்க.”

அமிர்தராஜ் மறுபடியும் கால்குலேட்டரைத் தட்ட ஆரம்பித்தார்.

“காளிங்கன் அப்பிடிப் பண்ணியிருக்க வேண்டாம்” என்று திருமூர்த்தி தூண்டில் போட்டார்.

“பாவம், நல்ல சாவு” என்றார் அமிர்தராஜ்.

ஆகா, காளிங்கன் செத்துவிட்டான்! திருமூர்த்தி சந்தோஷமாக எழுந்து வந்தார். வருகிற வழியில் லோடு ஏற்றி அனுப்பும் தனபால் நின்றார். எதற்கும் இன்னொரு முறை உறுதி செய்துகொள்ளலாம் என்று, “கடைசியில காளிங்கனுக்கு இப்பிடி ஆகியிருக்க வேண்டாமுங்க” என்றார்.

“ஏனுங்க? நல்ல எடத்துலதான அமைஞ்சிருக்குது” என்றார் தனபால். “ஊழியே வந்தாலும் கல்யாணம்னு ஒண்ணு ஆகோணுமில்லீங்க.”

ஒருவன் செத்த இடத்திலேயே எப்படிக் கல்யாணம் செய்துகொள்வான்? சாகுமுன் செய்துகொண்டானா? பெண் யார்? இப்போது மேனேஜர் வேலையை விடவும் இதுதான் திருமூர்த்தியைக் குடைந்தது. சாப்பிடும்போதும் பைக் ஓட்டும்போதும் அந்தக் கரும்புள்ளி அவர் தலைக்கு மேலேயே சுற்றியது. பத்தாம் வகுப்புக்குப் பிறகு ஒரு புத்தகத்தைப் படிக்க வேண்டும் என்று அவருக்கு உண்மையாகவே ஆசை வந்தது அந்த வாரம்தான்.

புத்தகம் விற்கிற இணையதளத்தில் வாசகர்கள் கருத்து எழுதியிருப்பார்களே, அதில் கதை கசிந்திருக்காதா என்று தேடிப் பார்த்தார். எல்லாரும் ஐந்து நட்சத்திரம்.

‘அருமை. முடிவு மிக அருமை.’

‘விறுவிறுப்பு. காளிங்கன் ஜீப்பைக் கிளப்பும் இடம் புல்லரிக்க வைத்தது.’

‘பார்சல் நன்றாகக் கட்டப்பட்டிருந்தது.’

கடைசியில் ஒன்றே ஒன்று, ஒற்றை நட்சத்திரம். ‘உண்மை விளம்பி’ என்ற பெயரில் யாரோ எழுதியிருந்தார்கள்: ‘வேகமாகப் போகிறது. ஆனால் கடைசியில் என்ன ஆச்சு என்றே தெரியவில்லை.’

திருமூர்த்திக்கு இது நல்ல வாய்ப்பாகப் பட்டது. முதலாளிக்காகப் பரிந்து பேசினோம் என்று இருக்கட்டுமே! அங்கேயே பதில் எழுதினார்: ‘ஐயா, புரியவில்லை என்றால் புத்தகத்தைக் குறை சொல்லக் கூடாது. மறுபடியும் பொறுமையாகப் படியுங்கள். முடிவுதான் இதன் உயிர்.’ எழுதிய கையோடு முதலாளியிடம் ஓடினார்.

“எவனோ பொறாமை புடிச்சவனுங்க. கடைசியில ஒண்ணுமே தெரியலைன்னு எழுதியிருக்கறான்.”

வரதராஜுலு நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். “ஆரு? ஆரது? எந்த ஊரு? காட்டுங்க பாக்கலாம்!”

அவ்வளவு கோபம் என்று திருமூர்த்தி நினைத்துக்கொண்டார். “நீங்க ஒண்ணும் வெசனப்படாதீங்க. நான் நல்லா நாக்கப் புடுங்கிக்கற மாதிரி குடுத்துப்போட்டனுங்க.”

போனைத் திறந்து காட்டினார். அதற்குள் ஒற்றை நட்சத்திரம் ஐந்தாகியிருந்தது. ‘மன்னிக்கவும். மறுபடியும் படித்தேன். முடிவு அருமை. – உண்மை விளம்பி.’

“பாத்தீங்களா!” என்றார் திருமூர்த்தி.

“பாத்தனுங்க” என்று சொல்லிவிட்டு முதலாளி மெதுவாக உட்கார்ந்தார். ஏனோ அவர் முகம் வாடிப் போயிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆர்.எஸ்.புரம் போய் இறங்கியபோது திருமூர்த்தியிடம் செத்த காளிங்கன் ஒருத்தன், தாலி கட்டிய காளிங்கன் ஒருத்தன் என்று இரண்டு பேர் இருந்தார்கள். யாரை மேடை ஏற்றுவது என்று தெரியவில்லை.

மண்டப வாசலில் ஒரு மேஜை. மேஜை மேல் விற்பனைக்கு ஊழி எக்ஸ்பிரஸ் அடுக்கி வைத்திருந்தது! திருமூர்த்திக்குச் சாமியைக் கண்ட மாதிரி இருந்தது. பணத்தை வைத்துவிட்டு ஒன்றை எடுத்துக்கொண்டு தூணுக்குப் பின்னால் ஒதுங்கினார். கடைசிப் பக்கத்தை மட்டும் பார்த்தால் போதும். உறையின் ஓரத்தைப் பல்லால் கடித்து இழுத்தார்.

“என்ன திருமூர்த்தி, உங்க கிட்டத்தான் ஒண்ணு இருக்குதே?”

முதலாளி பின்னால் நின்றார்.

“இது… மகளுக்குங்க. அக்ஷயா படிக்கோணும்னு ஒரே அடம்.”

“அப்பிடீங்களா! அப்பக் குடுங்க, நானே கையெழுத்துப் போட்டுக் குடுத்தர்றேன்.” வாங்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

கூட்டம் தொடங்கியது. சொந்தக்காரர்கள், வியாபாரிகள், மில்காரர்கள் என்று மண்டபம் நிறைந்திருந்தது. அமிர்தராஜ் பேசினார். நாவலின் வேகத்தைப் பற்றியும், ஆசிரியரின் எளிமையைப் பற்றியும், அட்டைப்படத்தில் ஜீப்பின் நிறத்தைப் பற்றியும் விரிவாகச் சொன்னார். தனபால் ஏறி, உலகம் அழியும்போதும் நம் மக்கள் நல்லெண்ணெயைக் கைவிட மாட்டார்கள் என்ற கருத்து தனக்குப் பிடித்ததாகச் சொன்னார். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த வரதராஜுலு ஒவ்வொருவர் முகத்தையும் ஆவலோடு பார்ப்பதும், பிறகு தலையைக் குனிந்துகொள்வதுமாக இருந்தார்.

அடுத்து திருமூர்த்தி. மைக்கைப் பிடித்தார். செத்தான் என்றால் தனபால் முழிப்பார். கல்யாணம் என்றால் அமிர்தராஜ் முழிப்பார். இரண்டும் வேண்டாம் என்று முடிவு செய்தார்.

“காளிங்கன் செத்தானா பொழைச்சானான்னு நான் சொல்ல மாட்டனுங்க” என்று ஆரம்பித்தார். “ஏன்னா, சொல்ல முடியாத ஒரு எடத்துல கொண்டு போயி நிறுத்தியிருக்கறாரு நம்ம மொதலாளி!”

வரதராஜுலு சட்டென்று நிமிர்ந்தார்.

அது திருமூர்த்திக்குத் தெம்பாக இருந்தது. “கடைசி வரியப் படிச்சனுங்க. அப்பிடியே உக்காந்துட்டேன். இதுக்கு மேல இருக்குதா, இதோட முடிஞ்சுதான்னே தெரியலீங்க. அடுத்த பக்கம் எங்கன்னு பொரட்டிப் பொரட்டித் தேடினேன்!”

வரதராஜுலு எழுந்து நின்றேவிட்டார். கண்ணெல்லாம் மின்னியது. “தேடுனீங்களா, திருமூர்த்தி?”

“தேடினேனுங்க!”

“கெடைச்சுதுங்களா?”

கிடைக்கவில்லை என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது. ஆனால் எழுதியவரை இத்தனை பேருக்கு முன்னால் வைத்துக்கொண்டு, உங்கள் புத்தகத்தில் ஒன்று கிடைக்கவில்லை என்று சொல்வதா? அதைவிட மரியாதைக் குறைவு உண்டா? மகளை நினைத்துக்கொண்டார். வாடகைக்குப் பார்த்த வீட்டை நினைத்துக்கொண்டார்.

“கெடைச்சுதுங்க!” என்று நெஞ்சில் கை வைத்தார். “எல்லாமே கெடைச்சுது. ஒரு கொறையுமில்ல. இதவிட முழுசா ஒரு முடிவ ஆராலயும் எழுத முடியாதுங்க!”

கைத்தட்டல் மண்டபத்தை நிறைத்தது. அமிர்தராஜ் எழுந்து நின்று தட்டினார். வரதராஜுலு மட்டும் தட்டவில்லை. காற்றுப் போன டியூப் மாதிரி நாற்காலியில் உட்கார்ந்தார்.

உணர்ச்சிவசப்பட்டுவிட்டார் பாவம் என்று திருமூர்த்தி நினைத்தார். மேடையை விட்டு இறங்கி முதலாளி பக்கத்தில் போய்க் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். “ஏனுங்க, அந்தப் புதுக்கடை சமாச்சாரம்…”

முதலாளி வாயைத் திறப்பதற்குள் வாசலில் ஒரு ஆட்டோ வந்து நின்றது. நாவலை அச்சடித்துக் கொடுத்த பிரஸ்காரர் ஜபருல்லா, தலையில் ஒரு காகிதக் கட்டோடு வேர்க்க விறுவிறுக்க உள்ளே வந்து, கட்டை முதலாளி காலடியில் பொத்தென்று இறக்கி வைத்தார்.

“மன்னிச்சுக்குங்க மொதலாளி, வரக் கொஞ்சம் நேரமாயிப்போச்சு, எல்லாப் புஸ்தகத்துலயும் பைண்டிங்ல உட்டுப்போன கடைசிப் பக்கமெல்லாம் இந்தா இருக்குது, இது எங்கன்னு கேட்டு வார மொதோ ஆளுக்குத்தான் புதுக்கடைன்னு சொல்லீட்டிருந்தீங்களே, ஆராச்சும் கேட்டாங்களா?”